கைவிடப்பட்ட நாயை மீட்க நினைக்கிறீர்களா? முதல் அரைமணியும் அடுத்த மூன்று மாதமும்

மேடவாக்கம் பக்கம் ஷட்டர் இறக்கிய ஒரு கடைவாசலில் அவளை முதலில் பார்த்தபோது, யாரோ பழைய கால்மிதியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். கிட்டே போனதும் கால்மிதி மூச்சு விட்டது. லேப்ரடார் இனப் பெண் நாய். விலா எலும்புகளை வண்டியில் இருந்தபடியே எண்ணலாம். முலைக்காம்புகள் தரையைத் தொடும் அளவுக்குத் தொங்கின. திரும்பத் திரும்பக் குட்டி போடவைத்து, இனி ஆகாது என்றதும் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். எதிர்வீட்டு அம்மா ஒருவர் தட்டில் தயிர்சாதத்தோடு வந்து, “எழுந்திரு அம்மணி, ரெண்டு வாய் சாப்பிடு” என்றார். பெயர் அப்படித்தான் நிலைத்தது.

அவள் விஷயத்தில் நான் அவசரப்பட்டுச் செய்த இரண்டு தவறுகளைப் பின்னால் சொல்கிறேன். புதிதாக இதில் இறங்குபவர்கள் யாரும் கெட்ட மனதோடு வருவதில்லை. பாசத்தில் பதறுகிறார்கள், அதுதான் சிக்கல். உடனே சோறு, உடனே குளியல், உடனே மடியில் தூக்கிக் கொஞ்சல், உடனே யாராவது கேட்டால் தத்து. பதறாத காரியம் சிதறாது என்ற பழமொழியை நாய் மீட்பவர்கள் வீட்டுக் கதவில் ஒட்டிவைக்கலாம்.

கிட்டே போவதற்கு முன்

முதலில் வண்டியை ஓரம்கட்டி ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள். நாய் எழுந்து நடக்கிறதா, பின்னங்கால்களை இழுக்கிறதா, வாயில் எச்சில் வழிகிறதா? எச்சில் ஒழுகி, கீழ்த்தாடை தொங்கி, தண்ணீரை விழுங்க முடியாமல் தவிக்கும் நாயைப் பார்த்தால் தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கைவிடாதீர்கள். வெறிநோயும் அப்படித்தான் தெரியும். குரல் மாறியிருந்தாலோ, கல், கட்டை என்று கண்டதையெல்லாம் கடித்தாலோ, தள்ளி நின்று மாநகராட்சிக்கோ விலங்கு நல அமைப்புக்கோ தகவல் சொல்லுங்கள். அங்கே உங்கள் வேலை, குழந்தைகள் பக்கத்தில் போகாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான்.

மற்ற நாய்களிடம் நேராக நடந்து போகக் கூடாது. பக்கவாட்டில், வளைந்து, மெதுவாகப் போய்ச் சற்றுத் தள்ளிக் குத்துக்காலிட்டு உட்காருங்கள். கண்ணை உற்றுப் பார்க்காதீர்கள். தலைக்கு மேலிருந்து கையைக் கொண்டுபோகவே கூடாது. அடிபட்ட நாய்க்கு மேலிருந்து வரும் எந்தக் கையும் அடிக்க வரும் கைதான். நாய் உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, தூக்கம் இல்லாமல் கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரப்பார்வை பார்ப்பது எல்லாமே “இன்னும் கிட்டே வராதே” என்பதற்கான சொற்கள். உடம்பு முழுக்க விறைத்து அசையாமல் நின்றால் அது கடைசி எச்சரிக்கை.

வலியில் இருக்கும் நாய், உங்களை எவ்வளவு பிடித்திருந்தாலும் கடிக்கும். தூக்கும் முன் வாயைக் கட்டுவது நல்லது. பருத்தித் துப்பட்டா போதும். நடுவில் ஒரு சுருக்குப் போட்டு மூக்குத்தண்டின் மேல் மாட்டி இழுத்து, இரண்டு முனைகளையும் தாடைக்கு அடியில் குறுக்கே கொண்டுபோய், காதுகளுக்குப் பின்னால் முடிச்சிடுங்கள். வாந்தி எடுக்கும் நாய்க்கும், மூச்சுத் திணறும் நாய்க்கும், பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்க்கும் இது வேண்டவே வேண்டாம். வண்டியில் அடிபட்டதாக இருந்தால் கட்டியணைத்துத் தூக்காதீர்கள். சாக்கையோ பெட்ஷீட்டையோ பக்கத்தில் விரித்து, முதுகு வளையாமல் அதன் மேல் நகர்த்தி, இருவர் சேர்ந்து நான்கு முனையும் பிடித்துத் தூக்க வேண்டும்.

ஒருவேளை கடிபட்டால், அல்லது பல் லேசாகக் கீறியிருந்தால்கூட, குழாயைத் திறந்துவிட்டு 15 நிமிடம் சோப்பு போட்டுக் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். கழுவியவுடன் அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்விடுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி அங்கே இலவசம். தசையில் போடுவது என்றால் கடிபட்ட நாளில் தொடங்கி 3, 7, 14, 28ஆம் நாட்களிலும் போட வேண்டும். ரத்தம் வந்த காயமாக இருந்தால், காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் ஊசியையும் கேட்டு வாங்குங்கள். இந்த வேலையைத் தொடர்ந்து செய்யப் போகிறீர்கள் என்றால், கடிபடும் முன்பே 0, 7, 21 அல்லது 28ஆம் நாட்களில் மூன்று தடுப்பூசி போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். நான் கடிபட்ட பிறகுதான் போட்டுக்கொண்டேன்.

அடுத்தவர் வீட்டு நாய் என்றால்

தெருவில் கிடப்பதைத் தூக்கிவருவது ஒன்று. அடுத்தவர் வீட்டு மொட்டைமாடியில் வெயிலில் கட்டிப்போட்டிருப்பதை மீட்பது முற்றிலும் வேறு. சட்டப்படி நாய் உரிமையாளரின் சொத்து. இரவில் சுவர் ஏறிக் குதித்து அவிழ்த்து வந்தால் திருட்டு வழக்கு உங்கள் மேல்தான் வரும்.

ஆனால் சட்டம் உங்கள் பக்கமும் இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் 11ஆவது பிரிவை ஒருமுறை படித்து வைத்துக்கொள்ளுங்கள். போதிய உணவும் தண்ணீரும் இருக்க இடமும் தராதது குற்றம், நியாயமில்லாத நேரம் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் கட்டி வைப்பது குற்றம், காரணமின்றிக் கைவிடுவது குற்றம். எப்போதும் கட்டியே வைக்கும் நாயை நடக்கக் கூட்டிப்போகாமல் இருப்பதையும் அந்தப் பிரிவு தனியாகக் குற்றம் என்று சொல்கிறது. பலர் நம்பமாட்டார்கள், எடுத்துக் காட்டினால்தான் வாயடைத்துப் போவார்கள். முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய் என்பது வேறு கதை. 1960இல் போட்ட தொகை இன்னும் அப்படியே கிடக்கிறது. விஷம் வைப்பது, கை கால் ஊனமாக்குவது, கொல்வது என்று போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 325ஆவது பிரிவு வரும். அதில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. புகாரை எழுத்தில் கொடுக்கும்போது பிரிவு எண்ணைக் குறிப்பிடுங்கள். “நாயைப் போட்டுப் படுத்துறாங்க சார்” என்று வாயால் சொல்லும் புகாருக்கு ஸ்டேஷனில் கிடைக்கும் மரியாதை என்ன என்பது உங்களுக்கே தெரியும். தேதி, நேரம் தெரியும்படி மூன்று நான்கு நாள் வீடியோ எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

என் அனுபவத்தில் பாதிக்கு மேல் புகார் வரை போகத் தேவையே இல்லை. “உங்களால் பார்த்துக்கொள்ள முடியவில்லை போலிருக்கிறது, நாங்கள் வேறு வீடு பார்த்துத் தருகிறோம்” என்று நயமாகப் பேசினால் பலர் விட்டால் போதும் என்று கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்கும்போது ஒரு வெள்ளைத்தாளில், “எனது நாயை இன்னாரிடம் மனமுவந்து ஒப்படைக்கிறேன், இனி உரிமை கோரமாட்டேன்” என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நாய் தேறி, மினுமினுப்பாக ஆன பிறகு திருப்பிக் கேட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை அப்படி ஒப்படைக்கப்பட்டது ஒரு ராஜபாளையம் கலப்பு. குட்டியில் கட்டிய கழுத்துப்பட்டையை, கழுத்து பெருத்த பிறகும் யாரும் தளர்த்தவில்லை. பட்டை எங்கே என்று தேடினால் கண்ணுக்குத் தெரியவில்லை. மூக்குக்கு முதலில் நாற்றம் தெரிந்தது. ரோமத்தை விலக்கியபோது சதைக்குள் நைலான் நூல் ஓடிக்கொண்டிருந்தது. இந்த மாதிரி நேரத்தில் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுத்து டாக்டர்தான் எடுக்க வேண்டும். புழு வைத்த புண்ணுக்கும் அதேதான். பெட்ரோல், பினாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

மாட்டாஸ்பத்திரிக்குப் போகும்போது

வீட்டுக்குப் போகும் முன் டாக்டர். இந்த வரிசையை மாற்றாதீர்கள். சென்னையில் என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1903இல் தொடங்கிய கல்லூரி அது. பெரியவர்களுக்கு இன்றும் “வேப்பேரி மாட்டாஸ்பத்திரி”தான். வரிசை நீளமாக இருக்கும், சீக்கிரம் போய்விட வேண்டும். கிண்டி, வேளச்சேரி பக்கம் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு இருக்கிறது. 1959இல் கேப்டன் சுந்தரம் குடும்பத்தார் ஆரம்பித்தது. ஆனால் எந்தக் காப்பகத்தையும் “கொண்டுபோய் விட்டுவிடும் இடம்” என்று நினைக்காதீர்கள். எல்லாக் காப்பகமும் நிரம்பி வழிகிறது. நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாத குட்டி அவ்வளவு கூட்டத்தில் பிழைப்பது கஷ்டம். சிகிச்சைக்கு உதவி கேளுங்கள், தங்க இடத்தை நீங்களே ஏற்பாடு செய்யுங்கள்.

ரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். நம் ஊர் நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சல் ரொம்பச் சகஜம். ஈறு வெளுத்திருக்கும், சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்காது, சிலவற்றுக்கு மூக்கில் ரத்தம் வரும், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் அதலபாதாளத்தில் இருக்கும். உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமி என்று தெரிந்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரை பொதுவாக 28 நாள் கொடுப்பார்கள். பத்தாம் நாளே நாய் வாலாட்டிச் சாப்பிட ஆரம்பித்துவிடும், நாமும் மாத்திரையை மறந்துவிடுவோம். காய்ச்சல் திரும்பி வந்தால் முன்பைவிட மோசமாக வரும். காலண்டரில் 28 கட்டம் போட்டு ஒவ்வொன்றாக அடியுங்கள்.

பெண் நாய்க்குப் பிறப்புறுப்பில் சொட்டுச் சொட்டாக ரத்தம் வந்தால் “சீசன்” என்று விட்டுவிடாதீர்கள். நாய்க்கு நாய் உறவில் பரவும் ஒரு கட்டி உண்டு. பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி என்று சில வாரம் போட்டால் பெரும்பாலும் முழுதாகக் குணமாகிவிடும். இது தெரியாமல் “கேன்சர்” என்று சொல்லித் தெருவில் விடப்பட்டவை எத்தனையோ.

பூனையை மீட்பவர்களுக்கு இரண்டே வார்த்தை: பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். ஒரு மாத்திரை போதும், பூனை செத்துவிடும்.

முதல் தட்டு

இப்போது என் முதல் தவறு. அம்மணியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, பாவம் எத்தனை நாள் பட்டினியோ என்று, அரைக்கிலோ கோழியும் சாதமும் பிசைந்து வைத்தேன். ஒரு நிமிடத்தில் தட்டைக் காலி செய்தாள். ராத்திரி முழுக்க வாந்தி, பேதி. காலையில் டாக்டர் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. நீண்ட நாள் பட்டினி கிடந்த உடம்புக்குள் திடீரென்று நிறையச் சோறு, அதுவும் மாவுச்சத்து, போனால் ரத்தத்தில் இருக்கும் பாஸ்பரசும் பொட்டாசியமும் சட்டென்று இறங்கிவிடும். இதயமே நின்றுபோகலாம். பட்டினியில் பிழைத்தது சாப்பாட்டில் சாகும்.

எனவே எலும்பும் தோலுமாக இருக்கும் நாய்க்கு முதல் நாள், அதன் எடைக்கு வேண்டிய உணவில் கால்பங்கு மட்டும். அதையும் ஐந்தாறு தடவையாகப் பிரித்துக் கொடுங்கள். உப்பு, மசாலா, வெங்காயம் இல்லாமல் வேகவைத்த கோழி, முட்டை, சாதம் கொஞ்சமாக. தினமும் கொஞ்சம் ஏற்றி, ஒரு வாரத்தில் முழு அளவுக்கு வரலாம். தண்ணீரையும் ஒரே மூச்சில் வாளியாக வைக்காதீர்கள். பால் வேண்டாம், பல நாய்களுக்குச் செரிக்காது. மீந்த பிரியாணி வேண்டவே வேண்டாம், வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பசித்த நாய் சாப்பிடும்போது தடவிக் கொடுப்பது கடிபடுவதற்கான நேர்வழி.

குளியலும் காத்திருக்கட்டும். நாறுகிறது என்பது உங்கள் பிரச்சினை, அதற்கில்லை. ஈரத்துணியால் துடைத்தால் போதும். சொறி பிடித்திருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் பழைய எஞ்சின் ஆயில் தடவச் சொல்வார். யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். அதை நக்கினால் ஈரலும் சிறுநீரகமும் போய்விடும். டாக்டர் தோலைச் சுரண்டிப் பார்த்து, எந்தப் பூச்சி என்று தெரிந்து மருந்து கொடுக்கட்டும்.

வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் 14 நாள் தனி அறை, தனித் தட்டு, தனிச் செருப்பு. பார்வோ என்ற, வாந்தியும் ரத்தபேதியுமாகக் குட்டிகளைக் கொல்லும் தொற்றுநோய் வந்த குட்டி இருந்த தரையில் அந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். பினாயில் அதை அசைக்காது, பிளீச்சிங்தான் கொல்லும். பூச்சிமருந்து, தடுப்பூசி, கருத்தடை ஆபரேஷன் எல்லாம் உடம்பு தேறத் தேற டாக்டர் சொல்லும் வரிசையில் நடக்கும், அதை விரிக்கவில்லை.

மனம் தேறுவது

உடம்பு சில வாரங்களில் தேறிவிடும். மற்றது அப்படியில்லை. மீட்பவர்கள் மத்தியில் ஒரு கணக்கு உண்டு: பயம் தெளிய மூன்று நாள், வீட்டு நடைமுறை பிடிபட மூன்று வாரம், இது என் வீடு என்று தோன்ற மூன்று மாதம். கல்லில் செதுக்கிய விதி இல்லை, ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள உதவும்.

அம்மணி முதல் நான்கு நாள் குளியலறை மூலையில்தான் இருந்தாள். வழவழப்பான தரையில் நடந்ததே இல்லை போல; கால் வைத்தால் நான்கும் நான்கு திசையில் போகும். சாக்கைத் துண்டு துண்டாக வெட்டி, குளியலறை முதல் ஹால் வரை பாதை போட்டேன். ஒரு சாக்கு தாண்ட ஒரு நாள். நான் செய்ததெல்லாம், அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்ததுதான். கூப்பிடவில்லை, இழுக்கவில்லை. ஆறாம் நாள் சாயங்காலம் முழங்கையில் ஈரமாக ஏதோ பட்டது, அவள் மூக்கு. அப்போதும் திரும்பவில்லை. திரும்பக் கூடாது. தானாக வருவது எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்பதை அது முடிவு செய்யட்டும்.

எது பயமுறுத்துகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். துடைப்பத்தைக் கண்டால் சிறுநீர் கழிக்கும் நாய் உண்டு. ஹெல்மெட் போட்டவரைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போகும் நாய் உண்டு. அம்மணிக்கு மிக்ஸி சத்தம். துடைப்பத்தை மறைத்து வைத்தால் மட்டும் பயம் போகாது. தூரத்தில் அசையாமல் துடைப்பம் கிடக்கட்டும், இந்தப் பக்கம் கோழித்துண்டு வரட்டும். நாளுக்கு ஒரு சாண் தூரம் குறையட்டும். மறந்தும் அடிக்காதீர்கள். வீட்டுக்குள் மூத்திரம் போனதற்கு மூக்கைப் பிடித்துத் தேய்க்கும் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. அதில் நாய் கற்றுக்கொள்வது உங்கள் கண்ணில் படாமல் போவதை மட்டும்தான்.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் புது நாயைத் தத்து கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள். வெடிச்சத்தத்தில் கேட்டைத் தாண்டி ஓடியது எந்த வீட்டுக்குத் திரும்பி வரும்?

கொடுப்பது யாருக்கு

இரண்டாவது தவறு. ஆறாவது வாரம் அம்மணியின் படத்தைப் பார்த்து ஒரு குடும்பம் வந்தது. நல்ல மனிதர்கள், கார், சொந்த வீடு. எனக்கும் அடுத்த நாய்க்கு இடம் வேண்டியிருந்தது. அன்றே கொடுத்துவிட்டேன். ஒன்பதாம் நாள் போன்: “பந்தே விளையாட மாட்டேங்குதுங்க, பசங்களுக்குப் பிடிக்கலை.” அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு வேண்டியது விளையாட்டுத் துணை, அம்மணிக்கு வேண்டியது ஓய்வு. நான்தான் கேட்டிருக்க வேண்டும். திரும்பி வந்தவள் மறுபடி குளியலறை மூலைக்குப் போனாள், சாக்குப் பாதையை மறுபடி போட்டேன்.

இப்போது நான் கேட்பவை இவை. நாய் பகலில் எங்கே இருக்கும், இரவில் எங்கே தூங்கும்? வீட்டில் எல்லாருக்கும் சம்மதமா, முக்கியமாக நாள் முழுக்க வீட்டில் இருக்கும் பாட்டிக்கு? வாடகை வீடென்றால் ஓனர் எழுதித் தருவாரா? பொங்கலுக்கு ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? முன்பு வளர்த்த நாய் என்ன ஆனது? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள், மற்றதெல்லாம் தானாகத் தெரியும். “தோட்டத்துக்குக் காவலுக்கு வேணும்” என்பவருக்கும், “ஒரே ஒரு தடவை குட்டி போட வச்சுக்கிறோம்” என்பவருக்கும் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவேன். 2017இல் வந்த நாய் இனப்பெருக்க விதிகள், பதிவு செய்த ப்ரீடராக இருந்தாலும் 18 மாதம் ஆகாத பெண் நாயை இணைசேர்க்கக் கூடாது, ஆயுளில் 5 ஈற்றுக்கு மேல் கூடாது என்கின்றன. அம்மணியின் வயிற்றைத் தடவிப் பார்த்த டாக்டர் ஈற்றுக்கணக்கு சொல்ல மறுத்துவிட்டார். அதனால் கருத்தடை செய்யாத நாயை நான் கொடுப்பதே இல்லை.

வீட்டைப் போய்ப் பாருங்கள். கேட்டுக்கு அடியில் எவ்வளவு இடைவெளி, பால்கனிக்குக் கிரில் உண்டா என்று பாருங்கள். பிறகு இரண்டு வாரம் சோதனையாக விடுங்கள். ஒப்பந்தத்தாளில் ஒரே ஒரு வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள்: வைத்துக்கொள்ள முடியாவிட்டால் என்னிடமே திருப்பித் தர வேண்டும், வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. அடையாள அட்டை நகல் வாங்கிக்கொள்ளுங்கள். மாநகராட்சி உரிமத்தைப் புது உரிமையாளர் பெயரில் எடுக்கச் சொல்லுங்கள். கழுத்துப்பட்டையில் போன் எண் தொங்கட்டும். மூன்றாம் நாள், மூன்றாம் வாரம், மூன்றாம் மாதம் போன் செய்யுங்கள். ஊரார் பணம் வாங்கிச் சிகிச்சை செய்திருந்தால் பில்லை எல்லாருக்கும் காட்டிவிடுங்கள், பிறகு நிம்மதியாகத் தூங்கலாம்.

அம்மணியை இரண்டாவதாகக் கேட்டு வந்தவர் ஓய்வுபெற்ற ஒரு டீச்சர். வந்தவர் அவளைத் தொடவே இல்லை. தரையில் உட்கார்ந்து என்னோடு அரைமணி நேரம் மாவடு போடுவதைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும். மூன்றாம் மாதம் நான் போன் செய்வதற்குள் அவரே செய்தார்.

“ஏம்மா, இவ சோபாவுல ஏறிட்டா. இறங்க மாட்டேங்கிறா. என்ன பண்ணட்டும்?”

“பழைய பெட்ஷீட் ஒண்ணு விரிச்சுடுங்க டீச்சர். முடி நிறையக் கொட்டும்.”